உறங்க விடாத கால்கள்: ஒரு 350 ஆண்டுக் கதை



மூட்டுவலி, பக்கவாதம், மஞ்சள் காமாலை என்று பெயரைச் சொன்னாலே நமக்குப் புரிந்துவிடும் நோய்கள் பல. இன்று நான் எழுதப் போகும் நோய்க்குத் தமிழில் அப்படி ஊரறிந்த பெயர் கிடையாது. கால் குடைச்சல் என்பார் ஒருவர். கால் உளைச்சல் என்பார் இன்னொருவர். "காலுக்குள்ள என்னமோ ஓடுது, சொல்லத் தெரியல" என்று நிறுத்திக்கொள்பவர்கள்தான் அதிகம். மருத்துவர்கள் இதை ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம் என்கிறார்கள். அமைதியற்ற கால்கள் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

எனக்கு இந்த நோய் வந்து 30 வருடத்துக்கு மேல் ஆகிறது. ஓய்வு பெற்ற பிறகு நேரம் கிடைத்ததால் இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. இந்த நோய்க்கு மருந்து கிடைக்காமல் இருந்த காலத்தைவிட, இதை ஒரு நோய் என்று நம்ப ஆள் கிடைக்காமல் இருந்த காலம்தான் கொடுமையானது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் அடையாளம். காலை அசைத்தே ஆக வேண்டும் என்று அடக்க முடியாத ஓர் உந்துதல் வரும். பெரும்பாலும் அதோடு காலின் உள்ளே ஊர்வது போலவோ, இழுப்பது போலவோ, குடைவது போலவோ ஓர் உணர்வு இருக்கும். சும்மா உட்கார்ந்தாலோ படுத்தாலோ அது தொடங்கும். எழுந்து நடந்தால், நடக்கும் நேரத்துக்காவது அடங்கும். சாயங்காலத்திலும் இரவிலும் அதிகமாகும், விடியற்காலையில் விட்டுவிடும். இவை எல்லாம் சேர்ந்து இருந்து, வேறு காரணமும் இல்லை என்றால் அதுதான் இந்த நோய்.

கெண்டைக்காலில் கொரக்களி பிடிப்பது வேறு. அது சதை இறுகிக் கல் போலாகி வலிப்பது. சர்க்கரை நோயாளிகளுக்கு வரும் பாத எரிச்சல் வேறு. நடந்தால் அது அடங்குவதில்லை. உட்கார்ந்துகொண்டு காலாட்டும் பழக்கமும் வேறு. "காலாட்டாதே, வீட்டுக்கு ஆகாது" என்று பாட்டிமார் அதட்டினால் நாம் நிறுத்திவிடுவோம். ஆனால் இந்த நோயை அதட்டி நிறுத்த முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். எக்ஸ்ரேயிலோ ஸ்கேனிலோ இது தெரியாது. காலைத் தொட்டுப் பார்த்தாலும் ஒன்றும் இருக்காது. நோயாளி சொல்வதைக் கேட்டுத்தான் மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். பின்னால் வரும் எல்லாக் குழப்பத்துக்கும் வேர் இதுதான்.

முதலில் கேட்டவர்

இதை முதன்முதலில் தெளிவாக எழுதி வைத்தவர் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர். 1621-இல் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் பேராசிரியராக இருந்து, பிறகு லண்டனில் மருத்துவம் பார்த்தவர். மூளையின் அடியில் இரத்தக் குழாய்கள் வளையம் போல் சேர்ந்திருக்கும் இடத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். 1664-இல் மூளையைப் பற்றி அவர் வெளியிட்ட நூலுக்குப் படம் வரைந்து கொடுத்தவர்களில் ஒருவர், பிற்காலத்தில் லண்டனின் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்.

வில்லிஸைப் பற்றி ஒரு சுவையான செய்தியும் உண்டு. 1650-இல் ஆக்ஸ்போர்டில் ஆன் கிரீன் என்ற வேலைக்காரப் பெண்ணைத் தூக்கில் போட்டார்கள். உடலை அறுத்துப் பாடம் நடத்துவதற்காக மருத்துவர்களிடம் கொண்டுவந்தபோது அவளுக்கு மூச்சு இருந்தது. வில்லியம் பெட்டியும் வில்லிஸும் சேர்ந்து அவளைப் பிழைக்க வைத்தார்கள். எல்லோரும் செத்துவிட்டாள் என்று சொன்ன இடத்தில், ஒரு சின்ன ஓசைக்குக் காது கொடுத்தவர்கள் அவர்கள்.

1672-இல் இலத்தீன் மொழியில் அவர் வெளியிட்ட நூலில் தூக்கமின்மையைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. சிலருக்குப் படுக்கையில் படுத்து உறங்கப் போகும் நேரத்தில் கைகால்கள் துள்ளுகின்றன, தசை நார்கள் இழுக்கின்றன, புரண்டு புரண்டு அவர்கள் படும் பாடு சித்திரவதைக் கூடத்தில் கிடப்பவர் படும் பாட்டுக்குச் சமம் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். இதைப் படித்தபோது என் உடம்பு சிலிர்த்துவிட்டது. நானே சொல்லத் தெரியாமல் தவித்ததை, எங்கோ ஒரு நாட்டில் 300 வருடத்துக்கு முன்பு ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்!

அவர் கொடுத்த மருந்து அபின். கேட்டால் முகம் சுளிப்பீர்கள். ஆனால் வேறு எதற்கும் கட்டுப்படாத கடுமையான நோயாளிகளுக்கு அந்த இனத்து மருந்துகளைக் குறைந்த அளவில், கண்காணிப்போடு இன்றும் கொடுக்கிறார்கள். நோய்க்குப் பெயர்கூட இல்லாத காலத்தில், காரணம் தெரியாமலே, வேலை செய்யும் ஒரு மருந்தை அவர் பிடித்துவிட்டார்.

1675-இல் வில்லிஸ் காலமானார். அதற்குப் பிறகு அவர் நூல் ஆங்கிலத்திலும் வந்தது. ஆனால் இந்தப் பகுதியைத் தொடர்ந்து ஆராய யாரும் முன்வரவில்லை.

பதற்றம் என்று முத்திரை குத்திய காலம்

அடுத்து குறிப்பிடத்தக்க பெயர் 1861-இல்தான் வருகிறது. தியோடர் விட்மாக் என்ற ஜெர்மானிய மருத்துவர் இந்த நோய்க்கு 'ஆங்க்ஸைட்டாஸ் டிபியாரம்' என்று இலத்தீனில் பெயர் வைத்தார். கால்களின் பதற்றம் என்று பொருள். பெயர் கிடைத்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பெயரிலேயே ஒரு தீர்ப்பும் இருந்தது. இதை மன நோயின், குறிப்பாக ஹிஸ்டீரியாவின், ஓர் அறிகுறியாகத்தான் அவர் பார்த்தார்.

அமெரிக்காவில் ஜார்ஜ் பியர்ட் என்பவர் 1869 முதல் 'நியூரஸ்தீனியா' என்ற நரம்புத் தளர்ச்சிக் கொள்கையைப் பரப்பினார். நவீன வாழ்க்கையின் வேகத்தால் நரம்புகள் களைத்துப் போகின்றன என்பது அவர் கருத்து. தலைவலி, அசதி, பயம் என்று நீண்டுகொண்டே போன அந்தப் பட்டியலில் கால் குடைச்சலும் போய்ச் சேர்ந்தது. அந்த மூட்டைக்குள் போனது வெளியே வர ரொம்ப நாளாயிற்று.

அந்த மருத்துவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் கையில் இருந்த கருவி கண்ணும் கையும்தான். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை, நோயாளியோ தூங்காமல் சிடுசிடுப்பாக இருக்கிறார். இது மனசு சம்பந்தப்பட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். நோயால் தூக்கம் கெட்டு, தூக்கம் கெட்டதால் மனசு கெட்டது என்று யோசிக்காமல், மனசு கெட்டதால் கால் கெட்டது என்று தலைகீழாகப் படித்தார்கள். நோயாளிகளில் பெண்கள் அதிகம் என்பதும் இந்த முடிவுக்கு வசதியாக அமைந்துவிட்டது.

முற்றத்தில் நடந்தவர்

இந்த இடத்தில் என் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

1950-களின் கடைசி. தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் கிராமம். நாங்கள் பிறந்தது ஏழு, தங்கியது ஐந்து. இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி அம்மா படுக்கும்போது மணி ஒன்பதரை ஆகும். படுத்த பத்தாவது நிமிடம், "டேய், வந்து காலை மிதிடா" என்று குரல் வரும். நானோ தம்பியோ சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் கெண்டைக்கால் மேல் ஏறி நிற்போம். மிதிக்கும் வரை சும்மா இருப்பார். நாங்கள் இறங்கிப் படுத்ததும் பழைய சேலைக் கிழிசலால் முழங்காலுக்குக் கீழே இறுகக் கட்டிக்கொள்வார். அதற்கும் கேட்காவிட்டால் எழுந்து முற்றத்தில் நடப்பார். நடு இரவில் கொலுசுச் சத்தம் கேட்டுப் பல நாள் நான் விழித்திருக்கிறேன்.

பிள்ளை உண்டாகியிருந்த மாதங்களில்தான் இது அதிகம். அப்பாவுக்குக் கோபம் வரும். "நாள் முழுக்க நிக்கிற, ராத்திரியாவது படுக்கக்கூடாதா?" என்பார். பாட்டி திருநீறு மந்திரித்து வந்து பூசினார். வைத்தியர் தைலம் கொடுத்தார். "இவளுக்கு மனசு ஒரு நிலையில நிக்கல" என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அம்மா எதற்கும் பதில் சொன்னதில்லை. "என்னம்மா பண்ணுது?" என்று ஒருமுறை கேட்டேன். "எலும்புக்குள்ள எறும்பு போற மாதிரி இருக்குடா" என்றார்.

விட்மாக்கையும் பியர்டையும் எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. ஆனால் அவர்கள் சொன்ன அதே முடிவுக்குத்தான் எங்கள் தெருவும் வந்து சேர்ந்தது.

ஸ்வீடன் நாட்டு மருத்துவர்

எங்கள் அம்மா முற்றத்தில் நடந்ததற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கதையில் ஒரு திருப்பம் வந்துவிட்டது. ஐரோப்பா முழுவதும் போரில் எரிந்துகொண்டிருந்த நேரம். போரில் சேராத ஸ்வீடனில் கார்ல்-ஆக்செல் எக்பாம் என்ற நரம்பியல் மருத்துவர், வயது 40-ஐத் தொடாதவர், தம்மிடம் வந்தவர்களின் விசித்திரமான புகாரைப் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். 1944-இல் அதைப் பற்றி முதல் கட்டுரை எழுதினார். 1945-இல் ஒரு முழு ஆய்வு நூலே வெளியிட்டார். நூலின் பெயர் ரெஸ்ட்லெஸ் லெக்ஸ். இன்று உலகம் முழுவதும் சொல்லும் பெயர் அதிலிருந்து வந்ததுதான். எக்பாம் நோய் என்றும் சிலர் சொல்வார்கள். பின்னாளில் அவர் உப்சாலா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

அவர் செய்த பெரிய காரியம் என்ன? புதுக் கருவி எதையும் கண்டுபிடிக்கவில்லை. வெவ்வேறு ஊர், வெவ்வேறு வயது, ஒருவரையொருவர் அறியாத மனிதர்கள் ஒரே மாதிரி பேசுவதைக் கவனித்தார். ஓய்வில் வருகிறது, நடந்தால் போகிறது, இரவில் வருகிறது, காலின் உள்ளே ஆழத்தில் இருக்கிறது. இத்தனை பேர் சொல்லிவைத்தாற்போல் ஒரே பொய்யைச் சொல்ல மாட்டார்கள் அல்லவா? இது குடும்பத்தில் வழிவழியாக வருவதையும் அவர் எழுதினார். அரிய நோய் அல்ல, சாதாரண மக்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் இருக்கலாம் என்றும் கணித்தார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பின்னால் எடுத்த கணக்குகள் அதற்குப் பக்கத்திலேயே வந்தன. ஆசியாவில் இதைவிடக் குறைவு என்றே பல ஆய்வுகள் சொல்கின்றன.

கர்ப்பிணிகளுக்கும் இரத்தசோகை உள்ளவர்களுக்கும் இது அதிகமாக இருப்பது அடுத்தடுத்து தெரியவந்தது. அடிக்கடி இரத்ததானம் செய்பவர்களுக்கும் வந்தது. இந்த மூன்று கூட்டத்துக்கும் பொதுவானது என்ன? இரும்புச்சத்துக் குறைவு. 1953-இல் நோர்ட்லாண்டர் என்ற இன்னொரு ஸ்வீடன் மருத்துவர், நோயாளிகளுக்கு இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஊசியாகப் போட்டுப் பார்த்தார். பலருக்கு நல்ல குணம் தெரிந்தது. அதிலும் வியப்பு, இரத்தசோகை இல்லாதவர்களுக்கும் குணம் தெரிந்தது. இரத்தத்தில் இரும்பு சரியாக இருப்பது போல் தோன்றினாலும், உடம்பின் திசுக்களுக்குள் குறைவாக இருக்கலாம் என்று அவர் சொன்னார்.

அந்த ஒரு வரி யோசனை 50 ஆண்டு முன்கூட்டியே வந்துவிட்டது. அதனால்தானோ என்னவோ, மருத்துவ உலகம் அதைப் பரணில் போட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பியது.

மாத்திரையின் காலம்

1965 வாக்கில் இத்தாலியின் பொலோனா நகரில் லுகரேசியும் கொக்காஞ்ஞாவும் இந்த நோயாளிகளை இரவு முழுவதும் கருவிகளோடு இணைத்துத் தூங்க வைத்துப் பதிவு செய்தார்கள். தூக்கத்தில் கால் கட்டைவிரல் மேலே தூக்கிக்கொண்டு, கணுக்காலும் முழங்காலும் மடங்கி, ஏறத்தாழ 20 முதல் 40 நொடிக்கு ஒருமுறை கடிகாரம் போல் உதைத்துக்கொண்டிருந்தது. இந்த நோய் உள்ளவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு இந்த உதைப்பும் இருக்கிறது. முதன்முதலாகக் கருவியில் தெரியும்படி ஒன்று கிடைத்தது. இனி இதை மனப்பிரமை என்று சொல்வது அவ்வளவு சுலபம் இல்லை.

என் மனைவிக்குப் பொலோனா ஆய்வு தேவைப்படவில்லை. "அரை நிமிஷத்துக்கு ஒரு உதை. நான் எண்ணிப் பாத்துட்டேன்" என்று எப்போதோ சொல்லிவிட்டார்.

1982-இல் துருக்கியைச் சேர்ந்த செவ்கெட் அக்பினார் என்ற மருத்துவர், பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். குணம் உடனே தெரிந்தது. மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேலையில் ஏதோ கோளாறு என்று அதிலிருந்து ஊகித்தார்கள். இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன், பயப்படாதீர்கள். மருந்து ஒன்றாக இருந்ததே தவிர, இந்த நோய் பார்க்கின்சனாக மாறிவிடும் என்று அர்த்தம் இல்லை.

அதே வழியில் வந்த ரோபினிரோல் என்ற மருந்துக்கு 2005-இல் அமெரிக்க அரசின் மருந்துத் துறை, இந்த நோய்க்கென்றே முதன்முதலாக அனுமதி கொடுத்தது. அடுத்த ஆண்டு பிராமிபெக்ஸோல். தொலைக்காட்சியில் விளம்பரங்கள் வந்தன. உடனே எதிர்க்குரலும் வந்தது. 2006-இல் ஒரு மருத்துவ இதழில் இரண்டு ஆய்வாளர்கள், இல்லாத நோயைப் பெரிதாக்கி விற்கும் போக்குக்கு இந்த நோயைப் பற்றிய பத்திரிகைச் செய்திகளையே உதாரணமாகக் காட்டினார்கள். லேசாகக் கால் உளைந்தவருக்கெல்லாம் மாத்திரை விற்கப் பார்த்தார்கள் என்ற குற்றச்சாட்டில் நியாயம் இருந்தது. ஆனால் அதன் பலன், இராத்தூக்கம் இல்லாமல் தவித்தவர்களும் மறுபடி கேலிக்கு ஆளானதுதான்.

மாத்திரையிலும் ஒரு கண்ணி இருந்தது. லெவோடோபாவும் இந்தப் புது மருந்துகளும் முதல் வருடங்களில் அற்புதமாக வேலை செய்யும். பிறகு பலருக்கு நோயை அவையே வளர்க்கத் தொடங்கும். இரவு பத்து மணிக்கு வந்தது மாலை ஆறுக்கு வரும், பிறகு மத்தியானமே வரும், காலில் இருந்தது கைக்கும் பரவும். அளவைக் கூட்டினால் கொஞ்ச நாள் அடங்கி, முன்னைவிட மோசமாகும். சிலருக்குச் சூதாட்டம், கண்மண் தெரியாமல் செலவு செய்வது போன்ற அடக்க முடியாத ஆசைகளும் வந்தன. நல்ல குடும்பஸ்தர்கள் கடனாளி ஆன கதைகள் உண்டு.

பரணிலிருந்து இறங்கிய இரும்பு

இதற்கிடையில் அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஆலன், கிறிஸ்டோபர் எர்லி ஆகியோர் பழைய ஸ்வீடன் ஆய்வுகளைத் தூசி தட்டி எடுத்தார்கள். இந்த நோயாளிகளின் மூளையில் இரும்பு குறைவாக இருப்பதை 2001-இல் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மூலம் காட்டினார்கள். 2003-இல் ஜேம்ஸ் கானர் என்பவருடன் சேர்ந்து, நோயாளிகள் இறந்த பிறகு தானமாகக் கொடுத்த மூளைகளை ஆராய்ந்தார்கள். டோபமைன் தயாரிக்கும் செல்கள் பார்க்கின்சனில் போல் செத்துப் போகவில்லை. எல்லாம் உயிரோடு இருந்தன. ஆனால் அவற்றுக்கு இரும்பு போதவில்லை.

டோபமைன் தயாராவதற்கு இரும்பு வேண்டும். அதுவும் இரத்தத்தில் இரும்பின் அளவு இரவில் இயல்பாகவே இறங்கும். இரவில் கால் ஏன் குடைகிறது என்பதற்கு முழு விடை இன்னும் இல்லை என்றாலும், இது ஒரு நல்ல தடயம். 2007-இல் மரபணு ஆய்வுகளும் வந்து, குடும்பத்தில் தொடர்வது உண்மைதான் என்று காட்டின. 1953-இல் நோர்ட்லாண்டர் சொன்னது சரியாகிவிட்டது.

2025 தொடக்கத்தில் வெளியான அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் வழிகாட்டுதல் இந்தக் கதையை ஒரு சுற்று முடித்துவைக்கிறது. முதலில் இரும்பைப் பார், குறைவாக இருந்தால் கொடு. மருந்து தேவைப்பட்டால் காபாபென்டின், பிரிகாபலின் வகைகளைப் பார். 20 ஆண்டு முன்பு ராஜாவாக இருந்த டோபமைன் மாத்திரைகளை வழக்கமாகக் கொடுக்காதே.

இனி என் கதை

நான் 34 ஆண்டு ஆர்.எம்.எஸ். என்னும் ரயில் தபால் பிரிவில் வேலை பார்த்தவன். ஓடும் ரயிலில் இரவு முழுவதும் நின்றபடி கடிதம் பிரிக்கும் வேலை. நாற்பது வயதில் எனக்கு இந்தத் தொல்லை தொடங்கியது. ஆனால் வேலை நாளில் ஒன்றும் தெரியாது. இரவில் நின்றுகொண்டே இருப்பேன். காலையில் போய்ச் சேர்ந்த ஊரில் ரெஸ்ட் ஹவுஸில் படுத்தால் நிம்மதியாகத் தூங்குவேன். வீட்டில் இருக்கும் நாளில், இரவு படுத்தால்தான் ஆட்டம். "உனக்கு வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கல" என்று கூட வேலை செய்தவர்கள் கேலி செய்வார்கள். இந்த நோய் உடம்பின் கடிகாரத்தைப் பின்பற்றுகிறது, ஓய்வில் வருகிறது, நின்றால் போகிறது என்று படித்த பிறகுதான் அதன் கணக்குப் புரிந்தது.

நான் பார்த்த முதல் மருத்துவர் "வயசாகுதுல்ல" என்றார். இரண்டாமவர் தூக்க மாத்திரை கொடுத்தார். மூன்றாமவர் ஒரு நரம்பியல் மருத்துவர். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உங்க அம்மா அப்பா யாருக்காவது இப்படி இருந்துச்சாங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது.

ஃபெரிட்டின் என்ற பரிசோதனை எடுக்கச் சொன்னார். உடம்பில் சேமித்து வைத்திருக்கும் இரும்பின் கணக்கு அது. எனக்கு 28 வந்தது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தது, ஆய்வகத் தாளில் ஃபெரிட்டினும் நார்மல் என்றே அச்சாகியிருந்தது. "பொதுவா இது நார்மல்தான். உங்க கால் நோய்க்கு 75-க்கு மேல இருக்கணும்" என்றார். ஆணுக்கு இந்த வயதில் இரும்பு ஏன் குறைந்தது, குடலில் எங்காவது இரத்தம் கசிகிறதா என்றும் சோதித்துப் பார்த்தார். நல்லவேளை, இல்லை. மூன்று மாதம் இரும்பு மாத்திரை. தொல்லை பாதியாகக் குறைந்தது. மீதிக்குக் குறைந்த அளவில் காபாபென்டின்.

மூன்று வருடத்துக்கு முன் கோயம்புத்தூரிலிருந்து என் மகள் போன் செய்தாள். எட்டு மாதக் கர்ப்பம். "அப்பா, உங்களுக்கு வர்ற மாதிரியே எனக்கும் கால் ஓடுதுப்பா. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஹால்ல நடக்கிறேன்" என்றாள். "டாக்டரம்மாகிட்ட ஃபெரிட்டின் பாக்கச் சொல்லு கண்ணு" என்றேன். 11 வந்தது. இரும்பு கொடுத்தார்கள். பிரசவம் ஆன சில வாரங்களில் சுத்தமாக நின்றுவிட்டது. கர்ப்பத்தில் வருவது பெரும்பாலும் அப்படி நின்றுவிடும்.

ஏழு பிரசவம், கடைசியாக உட்கார்ந்து மிச்சம் மீதி சாப்பிட்ட சாப்பாடு. அம்மாவுக்கு ஃபெரிட்டின் எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அவருக்கு மனசு நன்றாகத்தான் இருந்தது. உடம்பில் இரும்புதான் இல்லாமல் போயிருக்கும்.

தொல்லை உள்ளவர்களுக்குச் சில வார்த்தைகள்

நான் மருத்துவன் அல்ல. அனுபவத்தாலும் படிப்பாலும் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

மருத்துவரிடம் "கால் வலி" என்று சொல்லாதீர்கள். மேலே சொன்ன அடையாளங்களைச் சொல்லுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, நடந்தால் போகிறதா, குடும்பத்தில் யாருக்கு இருந்தது என்பதையும் சொல்லுங்கள். கூடப் படுப்பவரை அழைத்துப் போனால் இன்னும் நல்லது.

ஃபெரிட்டின் எவ்வளவு என்று எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நார்மல் என்ற சொல் போதாது. ஆனால் பரிசோதனை இல்லாமல் கடையில் இரும்பு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். தேவைக்கு மேல் சேர்ந்தால் இரும்பு ஈரலைக் கெடுக்கும். மருத்துவர் சொல்லிப் போடும்போது காபி, டீ, பாலோடு போட வேண்டாம். அவை இரும்பைச் சேர விடாது. எலுமிச்சைச் சாறு நல்லது.

வேறு நோய்க்குப் போடும் மாத்திரைகளின் பட்டியலைக் காட்டுங்கள். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் தூக்கம் வரவைக்கும் மாத்திரைகள், வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோக்ளோபிரமைட், மனச்சோர்வு மருந்துகளில் பல, இந்தத் தொல்லையைக் கூட்டக்கூடியவை. நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், கேட்டு மாற்றுங்கள். சிறுநீரக டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு இது அதிகம் வரும். அவர்கள் அந்த மருத்துவரிடமே சொல்ல வேண்டும்.

சாயங்காலக் காபியை விட்டதில் எனக்கு நல்ல பலன். படுக்கும் முன் கெண்டைக்காலை நீட்டி மடக்குவது, வெந்நீர் ஊற்றுவது, பிடித்துவிடுவது எல்லாம் உதவும். மது கூட்டும். பஸ்ஸிலும் ரயிலிலும் நடைபாதை ஓர இருக்கை வாங்குங்கள். உட்கார்ந்தே ஆக வேண்டிய நேரத்தில் மூளைக்கு வேலை கொடுங்கள். குறுக்கெழுத்துப் போடும்போது என் கால் என்னை மறந்துவிடுகிறது.

தொல்லை இல்லாதவர்களுக்கும் ஒன்று. உங்கள் வீட்டில் அம்மாவோ, மாமியாரோ, மருமகளோ நடு இரவில் எழுந்து நடந்தால், ஏன் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வது விசித்திரமாக இருந்தால், இன்னொரு முறை பொறுமையாகக் கேளுங்கள்.

அடுத்த பதிவில் சந்திப்போம். எல்லோரும் நன்றாகத் தூங்குங்கள்.